சைவ பிபிம்பாப்: ஊறவைத்த இரவு முதல் கல்சட்டிக் காந்தல் வரை

சோற்றின் மேல் பல காய்களை அடுக்கி மிளகாய் விழுதோடு கலந்து உண்ணும் கொரியக் கிண்ணச் சோறுதான் பிபிம்பாப். அது சரியாக வராமல் போவதற்குப் பெரும்பாலும் காரமோ உப்போ காரணமில்லை, தண்ணீர்தான். கீரையில் நின்றுபோன தண்ணீர், ஊறவைத்த காளானுக்குள் தங்கிய தண்ணீர், குழைந்த சோற்றின் தண்ணீர் எல்லாம் கிண்ணத்தின் அடியில் இறங்கினால் கொச்சுஜாங் என்ற நொதித்த மிளகாய் விழுது நீர்த்துப்போகும், சோறு கூழாகும், எந்தக் காயைத் தின்கிறோம் என்பதே தெரியாது. இறைச்சியும் முட்டையும் போட்ட கிண்ணத்தில் அவற்றின் கொழுப்பு இந்தக் குறையை ஓரளவு மறைத்துவிடும். சைவக் கிண்ணத்தில் மறைப்பதற்கு எதுவுமில்லை. அதனால்தான் இதை, ஒவ்வொரு பொருளிலிருந்தும் எவ்வளவு நீரை எடுக்க வேண்டும், எப்படி எடுக்க வேண்டும் என்பதையே பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

சமைத்த இடம் தென்கொரியாவின் சுவோன் நகரில் எங்கள் வீட்டு அடுப்பு. காலம் பிப்ரவரி, தேபோரும் கழிந்த வாரம். தேபோரும் என்பது சந்திர நாட்காட்டியின் முதல் பௌர்ணமி. அன்று ஐந்து தானியச் சோறும், முந்தைய ஆண்டு காயவைத்துச் சேமித்த கீரைகளும் உண்பது இங்கே வழக்கம். ஆகவே அந்த நாட்களில் சந்தையில் காய்ந்த மலைக்கீரைகள் குவிந்து கிடக்கும். பால்டால்முன் வாசலை ஒட்டிய மொத்கோல் சந்தையில் காய்ந்த கொசாரி என்ற பெரணித் தளிர், தொராஜி என்ற கசப்பு வேர், சோயா முளை, கட்டுக்கட்டாகக் குளிர்காலக் கீரை எல்லாம் ஒரே நடையில் கிடைத்துவிட்டன. சைவ பிபிம்பாப் செய்ய ஆண்டில் இதைவிட நல்ல வாரம் இல்லை.

முதலில், எங்கெல்லாம் அசைவம் ஒளிந்திருக்கிறது

உணவகத்தில் "இறைச்சி வேண்டாம், முட்டை வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் சைவமாகிவிடும் என்று நம்பிப் பல நண்பர்கள் ஏமாந்திருக்கிறார்கள். ஜியோன்ஜு நகரத்து பிபிம்பாப் மிகப் புகழ்பெற்றது. ஆனால் அங்கே சோற்றையே மாட்டிறைச்சிச் சாற்றில் வேகவைப்பது மரபு. மேலே வைக்கும் கொச்சுஜாங்கைப் பல கடைகளில் கொத்திய மாட்டிறைச்சியோடு வதக்கியிருப்பார்கள். அதற்கு யாக்கொச்சுஜாங் என்று பெயர். கீரைகளைப் பிசையும்போது சிலர் நெத்திலிச் சாறு ஒரு துளி விடுவார்கள். கூட வரும் சூப் பெரும்பாலும் காய்ந்த நெத்திலியில் கொதித்தது. புளிக்கவைத்த காய் ஊறுகாயான கிம்ச்சியில் இறால் உப்புக்கூழோ நெத்திலிச் சாறோ இருக்கும்.

வீட்டில் சமைப்பவர்களும் பொட்டலத்தைப் படித்துத்தான் வாங்க வேண்டும். கொரியாவில் ஒவ்வாமை தரும் பொருட்களைத் தனிக் கட்டத்தில் அச்சிடுவது சட்டப்படி கட்டாயம். மாட்டிறைச்சி, பன்றி, கோழி, முட்டை, பால், இறால், நண்டு, கணவாய், சிப்பி வகைகள் எல்லாம் அந்தக் கட்டத்தில் வந்துவிடும். ஆனால் நெத்திலி அந்தப் பட்டியலில் இல்லை. கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு வாங்கினால் நெத்திலி தப்பி உள்ளே வந்துவிடும். சேர்மானப் பட்டியல் முழுவதையும் படித்து, 'மியோல்ச்சி' என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கைப்பேசியில் அந்த ஒரு சொல்லைக் கொரிய எழுத்தில் சேமித்து வைத்துக்கொள்வது பெரிய உதவி.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கொரியாவிலேயே முழுக்க முழுக்கச் சைவமான சமையல் மரபு ஒன்று நூற்றாண்டுகளாக இருக்கிறது. பௌத்த மடாலயச் சமையல். அங்கே இறைச்சி, மீன் இல்லை. அதோடு ஓசின்சே எனப்படும் ஐந்து நெடிப்பொருட்களும் விலக்கு: பூண்டு, வெங்காயத்தாள், பூச்சு என்ற பூண்டுத்தாள், தல்லே என்ற காட்டு வெங்காயம், ஐந்தாவதாக ஹுங்கோ. அந்த ஹுங்கோ வேறொன்றுமில்லை, நம் பெருங்காயம். கொரிய மண்ணில் விளையாத, கொரியச் சமையலறை கண்டிராத ஒரு பொருள், இந்தியாவிலிருந்து வந்த பௌத்த நூல்களின் வழியாக விலக்குப் பட்டியலில் மட்டும் இடம்பிடித்திருக்கிறது. பூண்டு வெங்காயம் சேர்க்காத நம் வீடுகளில் அவற்றின் இடத்தை நிரப்புவதே பெருங்காயம்தான் என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. சமைத்து உண்டால் காமத்தையும் பச்சையாக உண்டால் சினத்தையும் இவை கிளறும் என்பது சூரங்கம சூத்திரம் சொல்லும் காரணம்.

மடாலய வழியைப் பின்பற்றி நானும் இந்தக் கிண்ணத்தில் பூண்டும் வெங்காயத்தாளும் போடவில்லை. மத நோக்கம் ஏதுமில்லை. ஏழு காய்களிலும் ஒரே பூண்டு வாசம் ஏறிவிட்டால் ஏழும் ஒரே காயாகிவிடும். பூண்டை நீக்கியபோதுதான் தொராஜியின் மெல்லிய கசப்பும் கொசாரியின் மண்வாசமும் தனித்தனியாகத் தெரிந்தன.

முந்தைய இரவு

கொசாரி என்பது பெரணிச் செடியின் சுருண்ட இளந்தளிர். வசந்தத்தில் பறித்து, வேகவைத்து, காயவைத்து விற்கிறார்கள். பழுப்பு நிறத்தில் காய்ந்த வேர்க்கட்டு போலக் கிடக்கும். இதை அலட்சியமாகச் சமைக்கக் கூடாது. பெரணியில் டாக்கிலோசைடு என்ற நச்சுப்பொருள் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு பெரணியைப் புற்றுநோய் தரக்கூடும் என்ற 2பி பிரிவில் வைத்திருக்கிறது. நல்லவேளையாக அந்தப் பொருள் நீரில் கரையும், வெப்பத்தில் சிதையும். கொரியர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் கொதித்தல், ஊறவைத்தல், நீர் மாற்றுதல் எல்லாம் அதைப் பெருமளவு வெளியேற்றும் வேலைதான்.

மூன்று பேருக்கு 40 கிராம் காய்ந்த கொசாரி எடுத்தேன். கழுவி, நிறையத் தண்ணீரில் 30 நிமிடம் கொதிக்கவிட்டு, அதே நீரில் ஆறவிட்டேன். நீர் கருந்தேநீர் நிறத்துக்கு வந்தது. அதைக் கொட்டிவிட்டுக் குளிர்ந்த நீர் ஊற்றி, தூங்கப் போகுமுன் ஒரு முறையும் காலையில் ஒரு முறையும் நீரை மாற்றினேன். தண்டை விரலால் அழுத்தினால் நசுங்க வேண்டும், ஆனால் கூழாகக் கூடாது. அடிப்பகுதியில் கட்டையாக இருக்கும் நுனிகளைக் கிள்ளி எறிந்துவிட வேண்டும்.

அன்றிரவே இன்னும் இரண்டு வேலைகள். காய்ந்த ஷிடாகே காளான் ஆறு எடுத்துக் குளிர்ந்த நீரில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன். வெந்நீரில் போட்டால் சீக்கிரம் ஊறும், ஆனால் மணம் குறைவாகவே வரும். இன்னொரு பாத்திரத்தில் உள்ளங்கை அளவு தசிமா, அதாவது தடித்த கடற்பாசித் துண்டு ஒன்று. காளான் ஊறிய நீரும் தசிமா ஊறிய நீரும் சேர்ந்தால், தனித்தனியே தருவதைவிடப் பல மடங்கு ஆழமான சுவை வரும். காளானிலுள்ள குவானிலேட்டும் பாசியிலுள்ள குளுட்டமேட்டும் ஒன்றையொன்று தூக்கிவிடுவதே காரணம். நெத்திலிச் சாறு இல்லாத குறையைத் தீர்ப்பது இந்தக் கலவைதான்.

சோறு

கொரிய அரிசி குட்டையாக, உருண்டையாக, வெந்தால் ஒன்றோடொன்று ஒட்டும் ஜப்போனிக்கா வகை. குச்சியால் கலக்கும்போது சோறு சின்னச் சின்னக் கட்டிகளாகப் பிரிந்து, ஒவ்வொரு கட்டியிலும் விழுது பூசிக்கொள்ள வேண்டும். உதிரி உதிரியான சோற்றில் இது நடக்காது, விழுது அடியில் போய்த் தேங்கும்.

சுவோனில் இருந்துகொண்டு அரிசியைப் பற்றிப் பேசும்போது தோங்கில் ரகத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1970களில் கொரியாவின் அரிசிப் பற்றாக்குறையைத் தீர்த்த ரகம் அது. சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் வேளாண் கல்லூரி அப்போது இந்த ஊரில்தான் இருந்தது. அதன் பேராசிரியர் ஹோ முன்ஹோ, பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் நீள அரிசியான இண்டிகாவையும் ஜப்போனிக்காவையும் கலந்து அதை உருவாக்கினார். விளைச்சல் அள்ளித் தந்தது. ஆனால் நீள அரிசியின் குணம் கலந்திருந்ததால் சோறு ஒட்டவில்லை, மக்களுக்குப் பிடிக்கவில்லை. வயிறு நிறையத் தொடங்கிய பிறகு வயலிலிருந்து மெல்ல மறைந்துபோனது. இந்த ஊர்க்காரர்களுக்குச் சோறு ஒட்ட வேண்டும் என்பது அவ்வளவு முக்கியம்.

இரண்டு குவளை அரிசி, இங்கே குக்கரோடு வரும் 180 மில்லி குவளை. நீர் தெளிவாகும்வரை கழுவி, அரை மணி நேரம் ஊறவைத்து, வடிகட்டியில் பத்து நிமிடம் வடியவிட்டேன். ஊறிய அரிசிக்கு வழக்கமாகச் சம அளவு நீர் வைப்பார்கள். பிபிம்பாப்புக்கு அதிலிருந்து இரண்டு மேசைக்கரண்டி குறைத்தேன். பின்னால் காய்களின் ஈரமும் விழுதின் ஈரமும் சேரப்போகின்றன, சோறு கொஞ்சம் விறைப்பாக இருந்தால்தான் தாங்கும். தண்ணீருக்குப் பதில் தசிமா நீரை ஊற்றினேன், மாட்டிறைச்சிச் சாற்றின் இடத்தில். வெந்ததும் கரண்டியால் கிளறி ஆவியை வெளியே விட்டுவிட வேண்டும். மூடி வைத்தால் அந்த ஆவியே மறுபடியும் சோற்றில் இறங்கும்.

தமிழ்நாட்டில் செய்பவர்கள் புழுங்கலரிசியைத் தொடவேண்டாம். புதுப் பச்சரிசி நெருங்கி வரும்.

நாமுல்

வேகவைத்தோ வதக்கியோ பச்சையாகப் பிசைந்தோ செய்யும் காய்கறிப் பக்குவங்களுக்கு இங்கே பொதுப்பெயர் நாமுல். பிபிம்பாப்பின் உயிர் இதில்தான். ஒவ்வொரு காயும் வேறொரு விதத்தில் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது, எனவே வேறொரு விதத்தில் அதைக் கேட்டு வாங்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கடாயில் கொட்டி வதக்கினால் அது காய்கறிப் பொரியல். நன்றாகக்கூட இருக்கலாம், ஆனால் பிபிம்பாப் ஆகாது.

கீரையிலிருந்து தொடங்கினேன். குளிர்காலத்தில் கடற்கரைப் பகுதிகளில் விளையும் பாலக்கீரை இங்கே தனிச் சிறப்பு. போஹாங் கீரை, ஷினான் தீவுகளின் சோம்ச்சோ இரண்டுக்கும் வேர் முனை இளஞ்சிவப்பாக இருக்கும். உறைகுளிரைத் தாங்கச் செடி சர்க்கரையைச் சேர்த்துக்கொள்வதால் கீரை இனிக்கும். அந்தச் சிவப்பு முனையை வெட்டி எறியக் கூடாது, இனிப்பு முழுவதும் அங்கேதான். 250 கிராம் கீரையை உப்புப் போட்ட கொதிநீரில் 30 நொடி முக்கி, குளிர்நீருக்கு மாற்றி, பிழிந்தேன். பிழிதலில் ஒரு அளவு உண்டு. துணியில் போட்டு முறுக்கினால் கீரை நாராகிவிடும். இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் உருண்டையாக வைத்து அழுத்தி, சொட்டுவது நின்றதும் நிறுத்திவிட வேண்டும். பிறகு உருண்டையைக் கட்டாயம் உதிர்த்துவிட வேண்டும், இல்லையென்றால் உப்பு உள்ளே போகாது. ஒரு தேக்கரண்டி குக்கன்ஜாங், ஒரு தேக்கரண்டி எள்ளெண்ணெய், நுணுக்கிய வறுத்த எள். குக்கன்ஜாங் என்பது சூப்புக்கான சோயா சாஸ். நிறம் வெளிறியது, உப்பு அதிகம். கறுப்பான சாதாரண சோயா சாஸ் ஊற்றினால் கீரை அழுக்கு நிறமாகிவிடும்.

அடுத்து சோயா முளை. பாசிப்பயறு முளைக்கும் இதற்கும் குழப்பம் வேண்டாம். சோயா முளையின் தலை மஞ்சளாக, பெரிதாக, கடிக்கக் கெட்டியாக இருக்கும். ஒரு விதியை இங்கே எல்லா வீட்டிலும் சொல்வார்கள்: மூடியைத் திறந்து வைத்தே வேகவை, அல்லது மூடியே வேகவை, நடுவில் மட்டும் மாற்றாதே. சோயாவிலுள்ள லிப்பாக்சிஜினேஸ் என்ற நொதி அரைச்சூட்டில் பச்சை அவரை வாடையைக் கிளப்பும். நன்கு கொதித்துவிட்டால் நொதி செத்துப்போகும். பாதியில் திறந்தால் சூடு இறங்கி, வாடை எழுந்து உள்ளேயே தங்கிவிடும். நான் 200 கிராம் முளைக்கு அரைக் குவளை நீரும் அரைத் தேக்கரண்டி உப்பும் போட்டு, மூடி, ஆறு நிமிடம் தொடவில்லை. வடித்து, தட்டில் பரப்பி, விசிறி ஆறவைத்தேன். முளையைப் பிழியக் கூடாது. பரப்பி வைத்தால் தன் சூட்டிலேயே ஈரத்தை விட்டுவிடும். வடித்த நீரைக் கொட்டவில்லை, காளான் நீரோடு சேர்த்துக் கூடவே ஒரு தெளிந்த சூப் ஆயிற்று.

வதக்க வேண்டியவற்றை ஒரே கடாயில் வெளிர்நிறத்திலிருந்து அடர்நிறத்துக்கு வரிசையாக வதக்கினால் நடுவில் கடாயைக் கழுவ வேண்டியதில்லை. தொராஜி, பூசணிப் பிஞ்சு, கேரட், காளான், கொசாரி என்பது என் வரிசை.

தொராஜி ஒரு நீலப் பூச்செடியின் வேர். தோலுரித்துக் கீறிய வெள்ளைக் கீற்றுகளாகக் கிடைக்கும். அதிலுள்ள சபோனின் கசக்கும். கல்லுப்பு ஒரு மேசைக்கரண்டி போட்டு, நுரை வரும்வரை கசக்கி, இரண்டு முறை கழுவி, இருபது நிமிடம் நீரில் விட்டு, ஒரு நிமிடம் கொதிநீரில் முக்கி எடுத்தேன். முழுக் கசப்பையும் எடுத்துவிடக் கூடாது என்பது என் கட்சி. சுண்டைக்காயும் பாகற்காயும் தின்று வளர்ந்த நாக்குக்கு அந்த மிச்சக் கசப்பு ஒரு வரம். ஏஹோபாக் எனப்படும் பூசணிப் பிஞ்சை அரைவட்டமாக நறுக்கி, உப்புத் தூவிப் பத்து நிமிடம் வைத்தால் முத்து முத்தாக நீர் விடும். மெதுவாக ஒற்றி எடுத்து, பெருந்தீயில் ஒரு நிமிடம் வதக்கினால் போதும், பச்சை நிறம் மாறக் கூடாது. கேரட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தீக்குச்சியாக நறுக்கி, எண்ணெயில் உப்போடு இரண்டு நிமிடம்.

காளானை நன்றாகப் பிழிய வேண்டும், கடற்பஞ்சு போல நீரை வைத்திருக்கும். மெல்லிய கீற்றாக நறுக்கி, ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ், அரைத் தேக்கரண்டி சர்க்கரை சேர்த்துப் பிசறி, ஓரங்கள் பழுப்பேறும்வரை வதக்கினேன். இறைச்சிக்கு எதையாவது மாற்றாக வைக்க வேண்டும் என்று தேடுபவர்கள் கடைகளில் விற்கும் சோயா உருண்டைகளை நாடுகிறார்கள். தேவையே இல்லை. நன்கு பிழிந்து வதக்கிய காளானும் கொசாரியும் சேர்ந்தால் அந்த இடம் நிறைந்துவிடும்.

கொசாரிக்கு வருவோம். சந்தையில் வாங்கும்போது கடைக்காரம்மாவிடம், "இமோ (சித்தி), இதற்கு எள்ளெண்ணெய் போதுமா?" என்று கேட்டேன். "எள்ளெண்ணெய் கீரைக்கு. கொசாரிக்குத் தெல்கிரும் ஊற்று. கஞ்சம் பண்ணாதே. வதக்கி, நீர் விட்டு, மூடி, பொறுமையாக வேகவிடு" என்றார். தெல்கிரும் என்பது பெரில்லா விதை எண்ணெய். அவர் சொன்னபடியே இரண்டு மேசைக்கரண்டி தெல்கிருமில் கொசாரியையும் ஒரு மேசைக்கரண்டி குக்கன்ஜாங்கையும் வதக்கி, நான்கு மேசைக்கரண்டி காளான் நீர் விட்டு, சிறுதீயில் மூடி வைத்தேன். ஏழெட்டு நிமிடத்தில் நீர் முழுவதும் உள்ளிழுக்கப்பட்டுத் தண்டுகள் மினுமினுத்தன. இந்த ஒரு காயிலிருந்து மட்டும் நீரை வெளியேற்றாமல், சுவையான நீரைத் திரும்ப உள்ளே ஏற்றுகிறோம். இரவெல்லாம் ஊறித் தன் சாரத்தை இழந்த தண்டுக்கு அது தேவைப்படுகிறது. கடைசியில் பெரில்லா விதைப்பொடி ஒரு மேசைக்கரண்டி. தெல்கிரும் வெகு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், அதில் ஒமேகா-3 கொழுப்பு மிகுதி. திறந்த புட்டியை ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும்.

எண்ணெய்களைப் பற்றி ஒரு வார்த்தை. கொரிய எள்ளெண்ணெய், வறுத்த எள்ளை ஆட்டியது. அதன் மணம் கடைசியில் தூவுவதற்கு உரியது. பச்சை எள்ளோடு கருப்பட்டி சேர்த்துச் செக்கில் ஆட்டும் நம் நல்லெண்ணெய் முற்றிலும் வேறு. இங்குள்ள எண்ணெய் கிடைக்காதவர்கள், எள்ளைப் பொன்னிறத்துக்குச் சற்று மேலே வறுத்துக் கரகரப்பாகப் பொடித்து, வெதுவெதுப்பான நல்லெண்ணெயில் ஊறவைத்து வடிகட்டிப் பயன்படுத்தலாம். அசல் ஆகாது என்றாலும் குறையில்லாத மணம் வரும்.

பச்சையாக ஒன்று வேண்டுமல்லவா? முள்ளங்கியைத் தீக்குச்சியாக நறுக்கி, உப்புப் போட்டுப் பிழிந்து, கொரிய மிளகாய்த்தூள், வினிகர், சர்க்கரையோடு பிசைந்தேன். கிம்ச்சியைக் கிண்ணத்துக்குள் போடுவது எனக்கு ஒப்புதலில்லை, அதன் புளித்த நீர் எல்லாவற்றையும் வென்றுவிடும். நெத்திலியும் இறாலும் சேராத சைவக் கிம்ச்சி இப்போது பல கடைகளில் கிடைக்கிறது. பக்கத்தில் தனித்தட்டில் இருக்கட்டும்.

முட்டை இல்லாத மஞ்சள்

பச்சை, சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்ற ஐந்து நிறங்களும் கிண்ணத்தில் இருக்க வேண்டும் என்பது கொரிய மரபு. மஞ்சளுக்குப் பெரும்பாலும் முட்டை. ஆனால் ஜியோன்ஜு கிண்ணத்தின் பழைய பொருள்களில் ஒன்று ஹ்வாங்போமுக், பாசிப்பயறு மாவுச்சத்தில் செய்த மஞ்சள் களி. சிஜா எனப்படும் கார்டீனியா காய் ஊறிய நீரில்தான் நிறம் ஏற்றுகிறார்கள். முழுச் சைவம். முட்டைக்கு மாற்று தேடி நான் வேறெங்கும் போக வேண்டியிருக்கவில்லை.

காய்ந்த சிஜாக் காய் இரண்டை உடைத்து மூன்று குவளை வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்தேன். நீர் குங்குமப்பூ நிறத்துக்கு மாறியது. அரைக் குவளை பாசிப்பயறு மாவுச்சத்துக்கு மூன்று குவளை அந்த நீர், அதாவது ஒன்றுக்கு ஆறு. கட்டியில்லாமல் கரைத்து, நடுத்தீயில் கைவிடாமல் கிளற வேண்டும். முதலில் பால் போலக் கலங்கி இருக்கும். திடீரென்று கெட்டியாகி, பின் மெல்ல ஒளி ஊடுருவும் பளபளப்புக்கு வரும். அந்தப் பளபளப்பு வந்த பிறகும் சிறுதீயில் ஐந்து நிமிடம் கிளறினால்தான் துண்டு போடும்போது உடையாது. அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி எள்ளெண்ணெய் சேர்த்து, எண்ணெய் தடவிய சதுரப் பாத்திரத்தில் ஊற்றி, வெளியிலேயே மூன்று மணி நேரம் வைத்தேன். ஃபிரிட்ஜில் வைத்தால் வெளுத்து விறைத்துவிடும். அப்படி ஆனாலும் கவலையில்லை, துண்டுகளைக் கொதிநீரில் ஒரு கணம் முக்கினால் பழைய மென்மை திரும்பும்.

சுண்டுவிரல் நீளத்துக்கு வெட்டிய இந்தத் துண்டுகள் கிண்ணத்துக்கு வழவழப்பைத் தருகின்றன. முட்டைக் கரு செய்யும் வேலையும் அதுதான்.

விழுது

கொச்சுஜாங்கில் மிளகாய்த்தூள், நொதிக்கவைத்த சோயாக் கட்டியின் பொடி, ஒட்டரிசி, முளைகட்டிய பார்லி, உப்பு சேர்ந்து மாதக்கணக்கில் ஜாடியில் நொதிக்கின்றன. அதில் புகழ்பெற்ற ஊர் சுன்சாங். கடையில் வாங்குவதில் அரிசி முதன்மையானது, கோதுமை முதன்மையானது என இரண்டு வகை உண்டு. அரிசி வகையையே வாங்குங்கள், இனிப்பு அடங்கியிருக்கும்.

மூன்று மேசைக்கரண்டி கொச்சுஜாங், ஒரு மேசைக்கரண்டி எள்ளெண்ணெய், ஒரு மேசைக்கரண்டி அரிசிப் பாகு, ஒரு தேக்கரண்டி வினிகர், நுணுக்கிய எள். இதை நீர் விட்டுத் தளர்த்தும் பழக்கம் பலருக்கு உண்டு. நான் காளான் நீரை விட்டு, சிறுதீயில் மறுபடி கெட்டியாகும்வரை கிளறினேன். பொடியாக நறுக்கிய காளான் தண்டுகளையும் அதில் போட்டேன், யாக்கொச்சுஜாங்கில் மாட்டிறைச்சி இருக்கும் இடத்தில். ஒருவருக்கு ஒரு மேசைக்கரண்டியில் தொடங்க வேண்டும். நாமுல் ஒவ்வொன்றிலும் ஏற்கெனவே உப்பு இருக்கிறது.

கல்சட்டியும் தோல்சொத்தும்

கல் கிண்ணத்தில் சுடச்சுட வருவது தோல்சொத் பிபிம்பாப். கிண்ணம் கொப்தோல் என்ற வழவழப்பான கல்லில் கடைந்தது. இப்போது ஜொன்புக் எனப்படும் வட ஜொல்லா மாகாணத்தின் ஜாங்சு இந்தக் கல்லுக்குப் பெயர்பெற்ற ஊர். முதன்முதலில் அதைக் கையில் எடுத்தபோதே தெரிந்தது, நம் மாக்கல்லின் நெருங்கிய உறவு. எங்கள் வீட்டில் சேலம் பக்கத்திலிருந்து வந்த கல்சட்டி ஒன்று புளிக்குழம்புக்கென்றே இருக்கிறது. இரண்டையும் பக்கம் பக்கமாக அடுப்பேற்றிப் பார்த்தேன்.

பழக்கும் முறைகூட ஒத்துப்போகிறது. கல்சட்டியை அரிசிக் கஞ்சியும் எண்ணெயும் வைத்து நாள்கணக்கில் பழக்குவோம். தோல்சொத்தை உப்புநீரில் கொதிக்கவைத்து, உலர்த்தி, எண்ணெய் தடவி மெல்லச் சூடேற்றச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் சோப்பு ஆகாது, திடீர்ச் சூடு ஆகாது, காய்ந்து கொதிக்கும் கல்லில் குளிர்நீர் படவே கூடாது. இண்டக்ஷன் அடுப்பு இரண்டையும் அறியாது.

உட்புறம் முழுவதும் எள்ளெண்ணெய் தடவி, ஆறிய சோறு 220 கிராம் பரப்பி, சுவரோடு லேசாக அழுத்தினேன். சிறுதீயில் மூன்று நிமிடம், நடுத்தீயில் ஐந்து நிமிடம். சோறு சடசடவென்று பேசத் தொடங்கியதும் தீயைக் குறைத்து, காய்களை நிறம் மாற்றி மாற்றி வட்டமாக அடுக்கி, நடுவில் மஞ்சள் களித் துண்டுகள். இன்னும் இரண்டு நிமிடம். விழுதை அடுப்பில் இருக்கும்போது போடக் கூடாது, அதிலுள்ள பாகு அடியில் தீய்ந்துவிடும். மேசைக்கு வந்த பிறகு போட வேண்டும்.

தோல்சொத்தில் காந்தல் சீராக, மெல்லிய பொன்னிறத் தகடாக வந்தது. கல்சட்டி அடி கனமானது. சூடேற இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாகப் பிடித்தது, காந்தல் அடிநடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் இருந்தது. ஆனால் சூட்டைப் பிடித்து வைப்பதில் கல்சட்டிதான் வென்றது. தோல்சொத்து அடங்கிய பின்னும் அதில் சடசடப்புக் கேட்டுக்கொண்டிருந்தது. கல்சட்டி வைத்திருப்பவர்கள் தோல்சொத் வாங்கப் பணம் செலவிட வேண்டாம். அகலமான, ஆழம் குறைந்த சட்டியாகப் பார்த்து எடுத்து, தீயை மட்டும் பொறுமையாக ஏற்றினால் போதும். குழம்புக்குப் பழகிய சட்டியில் செய்வதாக இருந்தால் முதலில் இரண்டு முறை வெறும் கஞ்சி வைத்துப் புளி வாசத்தை எடுத்துவிடுங்கள்.

கலக்குவதற்குக் கரண்டியைவிடக் குச்சி நல்லது. சோறு நசுங்காது. காந்தலை உடனே சுரண்ட வேண்டாம். மேலே உள்ளதை முதலில் கலந்து உண்டுவிட்டு, அடியைக் கடைசியில் எடுத்தால் நன்கு மொறுமொறுப்பாகியிருக்கும்.

விழுது இல்லாமல் ஒரு கிண்ணம்

மிஞ்சிய நாமுல்களைக் கொண்டு மறுநாள் ஆந்தோங் முறையில் ஒன்று செய்தேன். ஆந்தோங் ஊரின் ஹோச்சேசாபாப் முன்னோர் வழிபாட்டுப் படையலைப் பின்பற்றியது. படையலில் மிளகாயும் பூண்டும் சேர்ப்பதில்லை, ஆகவே அங்கே கொச்சுஜாங்குக்குப் பதில் சோயா சாஸ் ஊற்றிக் கலக்கிறார்கள். மூலத்தில் மீனும் இறைச்சியும் உண்டு, நான் எடுத்துக்கொண்டது கலக்கும் முறையை மட்டும். சாதாரணக் கிண்ணத்தில் சூடான சோறு, அதே ஏழு காய்கள், இரண்டு தேக்கரண்டி குக்கன்ஜாங், எள்ளெண்ணெய். அவ்வளவுதான்.

எனக்கு இதுவே அதிகம் பிடித்தது. கொச்சுஜாங் அருமையான பொருள்தான், ஆனால் அது பேசத் தொடங்கினால் மற்றவை அமைதியாகிவிடும். சோயா சாஸ் கிண்ணத்தில் கீரையின் இனிப்பும் தொராஜியின் கசப்பும் கொசாரியின் மண்வாசமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. விருந்தினருக்குக் கல் கிண்ணமும் சிவப்பு விழுதும் வைப்பேன். எனக்கென்று செய்துகொள்ளும் நாளில் இந்த இரண்டாவது கிண்ணம்தான்.

மிச்சம் வைப்பவர்கள் ஒவ்வொரு நாமுலையும் தனித்தனி டப்பாவில் வைக்க வேண்டும், ஒன்றன் நீர் மற்றொன்றில் இறங்கக் கூடாது. சோயா முளையும் கீரையும் மறுநாளுக்குள் தீர வேண்டும். கொசாரியும் காளானும் மூன்று நாள் தாங்கும், மீண்டும் கடாயில் இரண்டு நிமிடம் புரட்டிச் சூடாக்கினால் போதும். முள்ளங்கி நீர் விட்டிருந்தால் வடித்துவிட்டுப் போடுங்கள். களித் துண்டுகள் மிஞ்சினால் சோயா சாஸும் பொடித்த கடற்பாசித் தாளும் தூவித் தனியாகவே சாப்பிட்டுவிடலாம். எங்கள் வீட்டில் அவை கிண்ணம் வரை போய்ச் சேருவதே அரிதாக இருக்கிறது.